பூஜ்ஜியத்தைக் கண்டுபிடித்த கூட்டம்

2021 பிப்ரவரி 18 அன்று தென்கொரியாவின் நெக்ஸான் நிறுவனம், தன்னுடைய 'மேப்பிள்ஸ்டோரி' என்ற ஆன்லைன் விளையாட்டுக்கு வரவிருந்த அப்டேட் பற்றி ஓர் அறிவிப்பை வெளியிட்டது. எந்தப் பிழை சரிசெய்யப்பட்டது, எந்த ஆயுதத்தின் வலு மாறியது என்று நீளும் வழக்கமான பட்டியல்தான். அதன் நடுவே ஒரு வரி இருந்தது. ஆயுதங்களுக்கும் கவசங்களுக்கும் கூடுதல் சக்தி ஏற்றும் ஒரு பொருளில், சக்திகள் எல்லாம் இனி ஒரே அளவான நிகழ்தகவில் வழங்கப்படும் என்றது அந்த வரி.

படித்தவர்கள் திகைத்துப்போனார்கள். அப்படியென்றால் இத்தனை ஆண்டுகளாக அது ஒரே அளவில் இல்லையா? காசு கொடுத்து வாங்கிய மற்றப் பொருள்களின் கதை என்ன?

அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கி மூன்று ஆண்டுகளில் ஒரு நாட்டின் சட்டமே மாறியது. நடுவில் நடந்தவற்றில் நிகழ்தகவுக் கணிதம் இருக்கிறது, மூளையியல் இருக்கிறது, கூட்டம் எப்போது கூட்டமாகிறது என்ற சமூகவியலும் இருக்கிறது. வீடியோ கேம் என்றதும் பிள்ளைகள் சமாசாரம் என்று கடந்துபோகிறவர்கள்கூட நின்று பார்க்கவேண்டிய கதை இது என்று நான் நினைக்கிறேன்.

மேப்பிள்ஸ்டோரி கொரியாவில் 2003-இல் வந்தது. பக்கவாட்டில் நகரும் சின்னச் சின்ன உருவங்கள், காளான் வடிவ அரக்கர்கள், பொம்மைப் படம் போன்ற ஊர்கள். அன்று பள்ளிச் சிறுவர்களாக அதில் நுழைந்தவர்கள் 2021-இல் சம்பளம் வாங்கும் பெரியவர்கள். விளையாட நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே விற்கும் பொருள்களில்தான் நிறுவனத்துக்கு வருமானம். அவற்றில் முக்கியமானது 2010 மே மாதம் அறிமுகமான 'கியூப்'. கையில் இருக்கும் வாளுக்கோ கவசத்துக்கோ ஒரு கியூப்பைப் பயன்படுத்தினால், அதன் சிறப்புச் சக்திகள் கலைந்து புதிதாக மூன்று வரிகள் வந்து விழும். பிடிக்கவில்லையா, இன்னொரு கியூப் வாங்கவேண்டும். சிவப்பு கியூப் 1,200 வோன், கறுப்பு கியூப் 2,200 வோன். நம் கணக்கில் சுமார் 75 ரூபாயும் 140 ரூபாயும். மேப்பிள்ஸ்டோரியின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் இந்தக் கியூப்களிலிருந்தே வந்தது. ஒரே ஆண்டில் 28 கோடி வோன் வரை, அதாவது ஒன்றே முக்கால் கோடி ரூபாய் அளவுக்குக் கியூப்களில் செலவழித்த ஒருவரும் உண்டு.

எல்லாரும் ஏங்கியது சில அபூர்வச் சேர்க்கைகளுக்காக. மூன்று வரியிலும் 'பாஸ்' அரக்கர்களைக் கூடுதலாகத் தாக்கும் சக்தி விழுந்தால், அந்த ஆயுதத்துக்கு ஈடில்லை. ஒரு வரி விழும். சில நேரம் இரண்டு வரிகூட விழும். மூன்றாவது வேறு ஏதாவதாக இருக்கும். அடுத்த கியூப்.

கூச்சல் அடங்காததால் 2021 மார்ச் 5 அன்று நெக்ஸான் கியூப்களின் நிகழ்தகவை வெளியிட்டது. அப்போதுதான் தெரிந்தது, அந்த மூன்று வரிச் சேர்க்கை விழவே விழாது என்று. பத்தாயிரத்தில் ஒன்று, லட்சத்தில் ஒன்று என்ற பேச்சுக்கே இடமில்லை, நிகழ்தகவு பூஜ்ஜியம். பின்னர் கொரியாவின் நியாய வர்த்தக ஆணையம் விசாரித்தபோது காலவரிசையும் வெளிவந்தது. அறிமுகமான சில மாதங்களில், 2010 செப்டம்பரிலேயே, பலரும் விரும்பும் சக்திகள் குறைவாக விழும்படி மாற்றியிருக்கிறார்கள். 2011 ஆகஸ்டிலிருந்து இப்படிப்பட்ட சில சேர்க்கைகளை அடியோடு நிறுத்தியிருக்கிறார்கள். ஆயுதத்தை உச்சத் தரத்துக்கு உயர்த்தும் கறுப்பு கியூப்பின் வாய்ப்பு 1.8 சதவீதத்தில் தொடங்கி 1.4 ஆகி, 2016-இல் 1 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது. இவை எதையும் வாங்குகிறவர்களிடம் சொல்லவில்லை.

பரிசு எண்ணே அச்சடிக்காத லாட்டரிச் சீட்டுகளை ஏறக்குறைய பத்து ஆண்டு விற்றதற்கு ஒப்பானது இது. லட்சக்கணக்கானவர்கள் நாள்தோறும் விளையாடும் ஓர் இடத்தில், இப்படி ஒன்று எப்படிப் பத்தாண்டு மறைந்திருக்க முடியும்?

இதற்கு விடை கணிதத்தில் இருக்கிறது. அந்த விடைதான் என்னை இந்தக் கதைக்குள் இழுத்தது. ஒரு சேர்க்கை நேர்மையாகவே 5,000 முறைக்கு ஒருமுறை விழக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 5,000 கியூப் திறந்துவிட்டார், கிடைக்கவில்லை. ஏமாற்றப்பட்டோம் என்று அவர் சொல்ல முடியுமா? முடியாது. நேர்மையான குலுக்கலிலும் 5,000 முறை திறந்த நூறு பேரில் சுமார் 37 பேருக்கு ஒன்றுமே கிடைத்திருக்காது. 15,000 முறை திறந்தாலும் நூற்றில் ஐந்து பேர் வெறுங்கையோடுதான் நிற்பார்கள். புள்ளியியலில் இதற்கு எளிய விதி ஒன்று உண்டு: ஒரு நிகழ்ச்சி எத்தனை முறை முயன்றும் ஒருமுறைகூட நடக்கவில்லை என்றால், மூன்றை அந்த எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள், உண்மையான நிகழ்தகவு அதற்கு மேல் இருக்காது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். 15,000 முறை தோற்றவர் சொல்லக்கூடியது, வாய்ப்பு 5,000-இல் ஒன்றுக்கு மேல் இருக்காது என்பதுதான். பூஜ்ஜியம் என்று சொல்ல அவரால் முடியாது. ஒருபோதும் முடியாது.

அரிதான ஒன்று கிடைக்காமல் போவதும், இல்லவே இல்லாத ஒன்று கிடைக்காமல் போவதும், தனி ஆளின் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஒவ்வொருவரும் தன் அதிர்ஷ்டத்தை நொந்துகொண்டு, வேறு யாருக்காவது கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொள்வார். கோடிக்கணக்கான முயற்சிகளின் பதிவு முழுவதும் ஒரே இடத்தில்தான் இருந்தது. அது நிறுவனத்தின் சர்வரில்.

இதில் மூளையின் பங்கும் இருக்கிறது. இரண்டு வரி சரியாக விழுந்து மூன்றாவது தவறும் அந்தக் கணத்தை ஆய்வாளர்கள் நெருங்கிய தோல்வி என்கிறார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் லூக் கிளார்க்கும் அவர் குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், சூதாட்ட இயந்திரத்தின் எளிய வடிவத்தை ஸ்கேனருக்குள் படுத்திருந்தவர்களை ஆடவைத்தார்கள். ஜெயிக்கும் படம் ஒரு கட்டம் தள்ளி நின்றுவிட்ட சுற்றுகளில், ஆடியவர்கள் அதை வெறுத்தார்கள். வெறும் தோல்வியைவிட அதிகமாகவே வெறுத்தார்கள். ஆனால் வெற்றியின்போது விழித்துக்கொள்ளும் மூளைப் பகுதிகள் அந்தத் தோல்வியிலும் விழித்துக்கொண்டன. இயந்திரம் படத்தைத் தேர்ந்தெடுத்த சுற்றுகளைவிட, தாங்களே தேர்ந்தெடுத்த சுற்றுகளில் நூலிழையில் தோற்றபோது, இன்னொருமுறை ஆடவேண்டும் என்ற ஆசை கூடியது. அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குழுவினர் குரங்குகளின் டோபமைன் செல்களை அளந்து இன்னொன்றைக் காட்டியிருந்தார்கள். பழச்சாறு நிச்சயம் வரும் என்றாலும், நிச்சயம் வராது என்றாலும், காத்திருக்கும் நேரத்தில் அந்தச் செல்கள் அமைதியாக இருந்தன. வரலாம், வராமலும் போகலாம் என்ற பாதிக்குப் பாதி நிலையில்தான், சாறு வரவேண்டிய நொடி வரை அவற்றின் துடிப்பு மிக அதிகமாக ஏறிக்கொண்டே போனது. சந்தேகமே ஒரு சுவை.

இரண்டு வரி விழும், மூன்றாவது விழவே விழாது என்ற அமைப்பை இந்த ஆய்வுகளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனம் பதறுகிறது. வெற்றிக்கு வழியே இல்லாமல், வெற்றிக்கு மிக அருகில் வந்துவிட்டோம் என்ற உணர்வை மட்டும் அது திரும்பத் திரும்பத் தந்தது. ஆட்டக்காரர் தன் விரலால் தானே பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்.

இவ்வளவு பிடி இருக்கும் ஒன்றைக் கூட்டாகப் புறக்கணிப்பது சாத்தியமா? புறக்கணிப்பு அறிவிப்புகளுக்குக் கேம் உலகில் பஞ்சமே இல்லை, பெரும்பாலானவை தோற்றவை. 2009-இல் வந்த 'கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2' அதற்கு நல்ல உதாரணம். கணினியில் ஆடுபவர்கள் தாங்களே சர்வர் நடத்தும் வசதியை அந்த விளையாட்டில் நீக்கிவிட்டார்கள். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் புறக்கணிப்புக் குழு ஒன்றும் உருவானது. நவம்பர் 10, விளையாட்டு வெளியான நாள். அந்தக் குழுவின் உறுப்பினர் பட்டியலை யாரோ படமெடுத்துப் போட்டார்கள். யார் இப்போது எதை ஆடிக்கொண்டிருக்கிறார் என்று ஸ்டீம் காட்டும். பெயர்களுக்குக் கீழே வரிசையாக மாடர்ன் வார்ஃபேர் 2. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மட்டும் முதல் 24 மணி நேரத்தில் 47 லட்சம் பிரதிகள் விற்றன.

அவர்களைக் கோழைகள் என்று சிரிப்பது சுலபம். நான் சிரிக்க மாட்டேன். பொருளியலாளர் மன்கர் ஓல்சன் 1965-லேயே இந்தச் சிக்கலைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். போராட்டம் வென்றால் பலன் எல்லாருக்கும் கிடைக்கும், விலகி நின்றவருக்கும் சேர்த்து. தோற்றால் தியாகம் செய்தவருக்கு மட்டும் இழப்பு. கூட்டம் பெரிதாகப் பெரிதாக, தான் ஒருவன் விலகுவது எதையும் மாற்றாது என்ற எண்ணம் நியாயமாகவே வலுக்கிறது. ஆன்லைன் விளையாட்டில் இழப்பு இன்னும் கனமானது. நண்பர்கள் எல்லாரும் அன்றிரவு அங்கேதான் இருப்பார்கள்.

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1978-இல் இதை வேறொரு கோணத்தில் பார்த்தார். நூறு பேர் ஒரு சதுக்கத்தில் நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வாசல் எண் உண்டு: தனக்கு முன்னால் எத்தனை பேர் போராட்டத்தில் இறங்கினால் தானும் இறங்குவார் என்பது. ஒருவருக்கு அது பூஜ்ஜியம், அடுத்தவருக்கு 1, அதற்கடுத்தவருக்கு 2, இப்படியே 99 வரை. முதல் ஆள் இறங்குகிறார், அவரைப் பார்த்து இரண்டாமவர், அவர்களைப் பார்த்து மூன்றாமவர். கடைசியில் நூறு பேரும் இறங்குகிறார்கள். இப்போது ஒரே ஒருவரை மாற்றுங்கள். வாசல் எண் 1 உள்ளவருக்குப் பதில் 2 உள்ள இன்னொருவர். முதல் ஆள் இறங்குகிறார். அவரைத் தொடர யாரும் இல்லை. நூறு பேர் மனத்திலும் இருந்த கோபம் ஏறக்குறைய அதேதான். ஒன்று நூறு பேர் போராட்டம், மற்றது ஒற்றை ஆளின் கூச்சல். இதைப் படித்த பிறகு, தோற்ற போராட்டங்களைப் பார்த்து அங்கே கோபம் போதவில்லை என்று முடிவு கட்டுவதை நான் விட்டுவிட்டேன்.

கொரிய விளையாட்டாளர்கள் செய்தது, வாசல் எண்களை ஒட்டுமொத்தமாக இறக்கிவிட்டதுதான். 2021 ஜனவரியில் 'ஃபேட்/கிராண்ட் ஆர்டர்' விளையாட்டின் ரசிகர்கள், புத்தாண்டுச் சலுகை ஒன்று திடீரென்று நிறுத்தப்பட்ட கோபத்தில், ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, பெரிய எல்.இ.டி. திரை பொருத்திய லாரியை வாடகைக்கு எடுத்து, சியோலில் நெட்மார்பிள் நிறுவனத்தின் வாசலுக்கு அனுப்பினார்கள். திரையில் அவர்களுடைய கேள்விகள் ஓடின. அதே உத்திதான் அடுத்து மேப்பிள்ஸ்டோரிக்கும் வந்தது. லாரிகள் பாங்யோவில் நெக்ஸான் அலுவலகத்தின் எதிரே நின்றன.

இதன் அழகு, அது கேட்கும் விலையில் இருக்கிறது. பல ஆண்டு வளர்த்த கணக்கை அழித்துவிட்டு வா என்று அது யாரையும் கேட்கவில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு போதும். வெயிலில் நிற்க வேண்டாம், முகம் காட்ட வேண்டாம். ஆனால் ஒருவர் விளையாட்டை விட்டு ஓசையில்லாமல் விலகினால் யாருக்கும் தெரியாது. லாரியோ அலுவலக ஊழியர், பத்திரிகைக்காரர், பங்குதாரர், தயங்கி நிற்கும் இன்னொரு விளையாட்டாளர் என்று எல்லார் கண்ணிலும் ஒரே நேரத்தில் படும். எனக்குக் கோபம் என்பது எனக்குத் தெரியும். உனக்கும் கோபம் என்பது எனக்குத் தெரியவேண்டும், எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியவேண்டும். அப்போதுதான் முதல் அடி விழும். மேப்பிள்ஸ்டோரியை விட்டு 'லாஸ்ட் ஆர்க்' என்ற வேறு நிறுவனத்தின் விளையாட்டுக்குக் கூட்டம் கூட்டமாகக் குடிபெயர்வது அதன் பிறகுதான் பெரிதானது.

அடுத்த ஆண்டு இந்த உத்திக்கு இன்னொரு வடிவம் கிடைத்தது. பந்தயக் குதிரைகளைப் பெண் பாத்திரங்களாக்கிய 'உமாமுசுமே' என்ற ஜப்பானிய விளையாட்டைக் கொரியாவில் காகாவ் கேம்ஸ் நடத்தியது. ஜப்பானில் கிடைக்கும் சலுகையும் முன்னறிவிப்பும் தங்களுக்குக் கிடைப்பதில்லை என்று கொதித்தவர்கள், 2022 ஆகஸ்ட் 29 அன்று பாங்யோ தெருக்களில் நிஜக் குதிரை வண்டியை ஓட்டிக் காட்டினார்கள். கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே குதிரைக் குளம்பொலி. செப்டம்பரில் நிறுவனத்தினர் விளையாட்டாளர்களின் பிரதிநிதிகளோடு ஏழு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பேசினார்கள்.

தெருவே தேவைப்படாத போராட்டமும் உண்டு. ஐஸ்லாந்தில் உருவான 'ஈவ் ஆன்லைன்' விண்வெளி விளையாட்டில், 2011-இல் ஒற்றைக் கண்ணாடி ஒன்றுக்கு நிஜப் பணத்தில் 60 டாலருக்கு மேல் விலை வைத்தபோது, ஆட்டக்காரர்கள் தங்கள் விண்கலங்களோடு 'ஜிட்டா' என்ற வணிக மையத்துக்குப் போய், அங்கிருந்த சிலையைச் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். அழிக்கவே முடியாதபடி நிரலெழுதப்பட்ட சிலை அது. அந்த அக்டோபரில் நிறுவனத்தின் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

வருமானம் பெரும்பாலும் சில பெரும் செலவாளிகளிடமிருந்து வரும்போது, சாதாரண விளையாட்டாளர் போனால் நிறுவனத்துக்கு என்ன நட்டம் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் ஆண்டுக்கு 28 கோடி வோன் கொட்டுபவர் எதற்காகக் கொட்டுகிறார்? அந்த ஆயுதத்தைப் பார்த்து வாய்பிளக்க மற்றவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக. ஆளில்லாத ஊரில் ராஜாவாக இருக்க யாரும் பணம் தரமாட்டார்கள். காசு தராத கூட்டம்தான், காசு தருபவர் வாங்கும் பொருளுக்கு மதிப்பைக் கொடுக்கிறது.

கூட்டத்தின் அடி கல்லாப்பெட்டியில் விழுவதற்கு முன்பே வேறு இடங்களில் விழுவதும் உண்டு. 2017 நவம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2' வந்தபோது அதுதான் நடந்தது. டார்த் வேடர் போன்ற ஒரு நாயகனைத் திறக்க 60,000 புள்ளிகள் தேவை. அதற்குச் சுமார் 40 மணி நேரம் ஆடவேண்டும் என்று ஒரு ரசிகர் கணக்குப் போட்டார். சாதித்த பெருமையை உணர வைப்பதே நோக்கம் என்று நிறுவனம் ரெடிட்டில் கொடுத்த பதிலுக்கு ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட எதிர்வாக்குகள் விழுந்து, அது கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. மறுநாளே 60,000 என்பது 15,000 ஆனது. வெளியீட்டுக்குச் சில மணி நேரம் முன்பு, விளையாட்டுக்குள் பணம் செலுத்தும் வசதியையே நிறுத்திவைத்தார்கள். அந்த நேரத்தில் விற்பனைக் கணக்கு எதுவும் வந்திருக்கவில்லை. ஸ்டார் வார்ஸின் உரிமையாளரான டிஸ்னியின் கவலை, பங்கு விலை, பெல்ஜியத்தில் தொடங்கிய அரசு விசாரணை, இவைதான் அடுத்தடுத்து வந்தன. 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், காசு வாங்கிக்கொண்டு உள்ளே இருப்பது தெரியாமல் விற்கும் 'லூட் பாக்ஸ்' பெட்டிகளைச் சில விளையாட்டுகளில் சட்டவிரோதம் என்று அறிவித்தது.

கொரியாவில் முடிவு வர இன்னும் காலம் பிடித்தது. 2024 ஜனவரி 3 அன்று நியாய வர்த்தக ஆணையம் நெக்ஸானுக்கு 1,160 கோடி வோன் அபராதம் விதித்தது. அதே மாதம் கியூப்களைக் காசுக்கு விற்பதை நிறுவனம் நிறுத்தியது. மார்ச் 22 முதல், குலுக்கல் முறையில் விற்கும் பொருள்களின் நிகழ்தகவை வெளியிடுவது சட்டப்படி கட்டாயம். கியூப்களுக்குச் செலவழித்ததைத் திருப்பிக் கேட்டு ஒரு விளையாட்டாளர் தொடுத்த வழக்கில், செலவில் 5 சதவீதத்தைத் திருப்பித் தரும்படி வந்த தீர்ப்பை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தொகை சிறியதுதான். ஆனால் இல்லாத வாய்ப்பை விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்பது அங்கே நிலைநாட்டப்பட்டுவிட்டது.

வெளியிட்ட எண் உண்மைதானா என்பது அடுத்த கேள்வி. சட்டம் வந்த அதே மாதத்தில், 'ரக்னராக்' விளையாட்டை நடத்தும் கிராவிட்டி நிறுவனம், தான் அறிவித்திருந்த எண்களும் உண்மையான எண்களும் நூற்றுக்கு மேற்பட்ட பொருள்களில் பொருந்தவில்லை என்று ஒப்புக்கொண்டது. உதாரணமாக, 1.8 சதவீதம் என்று எழுதியிருக்கும் ஒரு கறுப்பு கியூப் உண்மையில் 1.4 சதவீதம்தான் என்பதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க எத்தனை கியூப் திறக்கவேண்டும்? கணக்குப் போட்டால் குறைந்தது 4,400 வருகிறது. அதற்குக் கீழே போனால், அந்த வித்தியாசம் அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கத்தில் மறைந்துவிடும். ஒரே ஆள் அதைச் செய்ய, பழைய விலையில் சுமார் 97 லட்சம் வோன், ஆறு லட்சம் ரூபாய் வேண்டும். 4,400 பேர், எப்படியும் திறக்கப்போகும் அடுத்த ஒரு கியூப்பின் முடிவை ஆம் அல்லது இல்லை என்று ஒரே தாளில் எழுதினாலும் அதே விடை வரும். கூடுதல் செலவு எதுவும் இல்லை. ஆனால் ஆம் என்று வந்தவர்களும் இல்லை என்று வந்தவர்களும், ஒருவர் விடாமல் எழுதவேண்டும். கிடைத்தவர்கள் மட்டும் எழுதினால் கணக்கு ஒருபக்கமும், கிடைக்காதவர்கள் மட்டும் எழுதினால் மறுபக்கமும் சாய்ந்துவிடும்.